எலும்புக்கு முகம் கொடுப்பவர் பொய் சொல்லலாமா?

ஒரு ஊரில் பெரியவர் ஒருவருக்குச் சிலை வைக்கிறார்கள். திரை விலகுகிறது. கூட்டத்தில் நிற்கும் அவருடைய மகள் உற்றுப் பார்க்கிறாள். "அப்பாவுக்கு மூக்கு இப்படி இருக்காதே!" என்கிறாள். சிற்பி என்ன செய்வார்? அவள் பேச்சைத் தட்ட முடியாது. மூக்கைத் திருத்தித்தான் ஆகவேண்டும்.

50,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதனுக்குச் சிலை வைத்தால், "எங்கள் அப்பா இப்படி இல்லை" என்று சொல்ல யார் வருவார்கள்? பூண்டோடு அழிந்துபோன மிருகத்துக்குச் சிலை வைத்தால், "என் கொம்பு அங்கே இல்லை" என்று அந்த மிருகம் எழுந்து வந்து சொல்லுமா?

சொல்லாது. அதனால்தான் ஆதி மனிதருக்கும் அழிந்த மிருகங்களுக்கும் சிலை செய்கிறவர்களுக்கு மற்றச் சிற்பிகளைவிடப் பொறுப்பு அதிகம். கண்டிக்க ஆள் இல்லாத இடத்தில்தான் நேர்மை வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், ஊகத்தை ஊகம் என்றும் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

"பழைய எலும்புக்கு இவ்வளவு நியாயம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் இரண்டு சிலைகளின் கதையைக் கேட்கவேண்டும். ஒன்று மிருகத்தின் சிலை. மற்றொன்று மனிதனின் சிலை.

சிலைக்குள் விருந்து

இங்கிலாந்தில் 1851-ம் ஆண்டு ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அதற்காகக் கண்ணாடியாலும் இரும்பாலும் ஒரு மாளிகை கட்டினார்கள். அதற்குப் "பளிங்கு மாளிகை" என்று பெயர். பொருட்காட்சி முடிந்ததும் அந்த மாளிகையைப் பிரித்து, லண்டனுக்குத் தெற்கே சிடன்ஹாம் என்ற இடத்தில் மறுபடியும் கட்டினார்கள். 1854-ல் அது திறக்கப்பட்டது.

அதன் பூங்காவில் அழிந்துபோன மிருகங்களின் சிலைகளை வைக்க விரும்பினார்கள். அந்த வேலை பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாகின்ஸ் என்ற சிற்பியிடம் வந்தது. "டைனோசர்" என்ற சொல்லை 1842-ல் உண்டாக்கிய விஞ்ஞானி ரிச்சர்டு ஓவன் அவருக்கு ஆலோசகர்.

அந்தச் சிலைகளில் ஒன்று இகுவானோடான். இது ஒரு பெரிய தாவர உண்ணி. இந்த ஒரு சிலைக்கு மட்டும் 4 இரும்புத் தூண்களும், 600 செங்கற்களும், 38 பீப்பாய் சிமெண்டும் செலவாயின. சிலை செய்தது என்பதைவிட, ஒரு வீடு கட்டியது என்றே சொல்லலாம்!

1853-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இரவு, இகுவானோடானின் அச்சுக்குள் மேஜை போட்டு விருந்து வைத்தார் ஹாகின்ஸ். சுமார் 20 பிரமுகர்கள் வந்தார்கள். டைனோசரின் வயிற்றுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பத்திரிகைகளில் படத்துடன் செய்தி வந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு!

மூக்கில் ஏறிய கட்டை விரல்

அந்த இகுவானோடான் சிலையின் மூக்கின் மேல் ஒரு கொம்பு இருக்கிறது. காண்டாமிருகத்துக்கு இருப்பது போன்ற கொம்பு.

அந்த மிருகத்தின் எலும்புகளோடு கூர்மையான எலும்பு ஒன்றும் கிடைத்திருந்தது. அது எந்த இடத்து எலும்பு? முழு எலும்புக்கூடு கிடைக்காததால் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மூக்கின் மேல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார்கள். சிலையிலும் மூக்கின் மேலேயே வைத்தார்கள்.

24 ஆண்டுகள் சென்றன. 1878-ல் பெல்ஜியம் நாட்டில் பெர்னிசார் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், சுமார் 1,000 அடி ஆழத்தில், தொழிலாளிகள் எலும்புகளைக் கண்டார்கள். தோண்டத் தோண்ட 30-க்கும் மேற்பட்ட இகுவானோடான்கள் வெளிவந்தன. பல எலும்புக்கூடுகள் குலையாமல் கிடந்தன. அந்தக் கூர்மையான எலும்பு எங்கே இருந்தது தெரியுமா? கையில்! அது மிருகத்தின் கட்டை விரல்!

கட்டை விரலை மூக்கில் வைத்துவிட்டாரே என்று ஹாகின்சைக் கேலி செய்யலாமா? கூடாது. கையில் இருந்த எலும்பை வைத்துக்கொண்டு, அன்றைய அறிவு சொன்னபடி அவர் செய்தார். அது பிழைதான். பொய் இல்லை.

அவருடைய நேர்மைக்கு அதே பூங்காவில் ஒரு சாட்சி உண்டு. மோசசாரஸ் என்ற கடல் பிராணிக்கும் அவர் சிலை செய்தார். அதன் தலையைப் பற்றித்தான் அன்று நன்றாகத் தெரிந்திருந்தது. உடம்பைப் பற்றி அதிகம் தெரியாது. ஹாகின்ஸ் என்ன செய்தார்? தலையையும் முதுகின் ஒரு பகுதியையும் மட்டும் செய்து, பிராணி தண்ணீருக்குள் கிடப்பது போலக் குளத்தில் வைத்துவிட்டார். தெரிந்த பாகம் வெளியே தெரிந்தது. தெரியாத பாகத்துக்கு அவர் உருவம் கற்பிக்கவில்லை.

கூனன் ஆக்கப்பட்ட கிழவர்

மிருகத்தின் மூக்கில் கொம்பு வைத்ததால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. மனிதனின் சிலையில் பிழை செய்தால் அப்படி விட்டுவிட முடியாது.

1908-ம் ஆண்டு பிரான்சில் லா ஷாப்பெல் ஓ சேன் என்ற கிராமத்துக் குகையில் ஒரு மனித எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நியாண்டர்தால் மனிதர் அவர். நியாண்டர்தால்கள் நமக்கு முன்பே ஐரோப்பாவில் வாழ்ந்து, சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஓர் இனம்.

மார்செலின் பூல் என்ற பேராசிரியர் அந்த எலும்புகளை ஆராய்ந்தார். இந்த மனிதன் நிமிர்ந்து நிற்க முடியாதவன், முழங்கால் மடங்கியவன், தலை முன்னே தொங்கியவன், பாதிக் குரங்கு என்ற முடிவுக்கு வந்தார். 1909-ல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தில், உடம்பெல்லாம் ரோமம், கையில் தடி! பார்த்தவர்கள் பயந்தார்கள்.

சிற்பிகளும் இதையே நம்பினார்கள். பிரான்சில் லே எய்சி என்ற ஊரில், மலைப்பாறையின் மேல் ஆதி மனிதனின் பெரிய கற்சிலை ஒன்று நிற்கிறது. போல் டார்டே என்ற சிற்பி செதுக்கியது. 1931-ல் வைக்கப்பட்டது. கழுத்து முன்னே நீண்டிருக்கும். தோள் தொங்கியிருக்கும். கைகள் செயலற்றுத் தொங்கும். கீழே உள்ள பள்ளத்தாக்கை அது வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உண்மை என்ன? 1957-ம் ஆண்டு ஸ்ட்ராஸ், கேவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதே எலும்புகளை மறுபடி பார்த்தார்கள். அந்த மனிதருக்குக் கடுமையான மூட்டு வாதம்! முதுகெலும்பு முழுவதும் நோய். வயதானவர் வேறு. ஆரோக்கியமான நியாண்டர்தால் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்திருப்பான் என்று அவர்கள் எழுதினார்கள். குளிப்பாட்டி, சவரம் செய்து, இந்தக் காலத்து உடை போட்டு நியூயார்க் ரெயிலில் உட்காரவைத்தால், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது அவர்கள் கருத்து.

ஒரு கிழவரின் வாத நோயை ஓர் இனத்தின் லட்சணம் ஆக்கிவிட்டார்கள்! நம் வீட்டுத் தாத்தா முதுகு வளைந்து, கோல் ஊன்றி நடக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு, "இந்தக் குடும்பமே கூன் விழுந்த குடும்பம்" என்று ஒருவர் சிலை வைத்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

அந்தக் கிழவரிடம் கற்கவேண்டியது வேறு ஒன்று இருந்தது. அவருடைய பற்களில் பெரும்பாலானவை விழுந்து, ஈறு எலும்பு ஆறியிருந்தது. பல் போன பிறகும் அவர் வெகு காலம் உயிரோடு இருந்தார் என்று இதிலிருந்து தெரிகிறது. நடக்கவே சிரமப்பட்ட அவருக்கு மற்றவர்கள் உதவியிருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். இறந்த பிறகு அவரைக் குழி வெட்டிப் புதைத்தார்கள் என்ற கருத்தை 2013-ல் வந்த ஆராய்ச்சி வலுப்படுத்தியது.

தள்ளாத கிழவரைக் கைவிடாத கூட்டம்! சிலைக்கு எவ்வளவு நல்ல விஷயம்! அதை விட்டுவிட்டு, தடியும் கூனும்தான் பல காலம் மக்கள் மனத்தில் நின்றன.

ஒரு புத்தகம் தவறாக எழுதினால், படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தவறு போய்ச் சேரும். சிலையைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்ததை எளிதில் மறக்கமாட்டார்கள். 1957-ல் வந்த திருத்தத்தைப் படித்தவர்கள் சிலர். தடி பிடித்த குரங்கு மனிதனை நம்பியவர்கள் பல கோடி.

நேரில் பார்த்தவர்களின் சாட்சி

"அந்தக் காலத்து மிருகத்தை நேரில் பார்த்தவர் யாரும் இல்லையே, சிற்பி யாரைக் கேட்பார்?" என்று தோன்றலாம். பார்த்தவர்கள் இருந்தார்கள். சாட்சியும் விட்டுப் போயிருக்கிறார்கள்!

1994-ல் தென் பிரான்சில் ஷோவே குகை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் சுவர்களில் 30,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் குகைச் சிங்கங்கள் உண்டு. இந்தச் சிங்க இனம் அழிந்துவிட்டது. எலும்பு கிடைக்கிறது. ஆனால் ஆண் சிங்கத்துக்குப் பிடரி மயிர் இருந்ததா என்று எலும்பு சொல்லாது. ஓவியம் சொல்கிறது. ஆண் என்று தெளிவாகத் தெரியும் சிங்கத்துக்கும் அங்கே பிடரி மயிர் இல்லை!

இன்னொரு மிருகம், பெரிய கொம்பு மான். அதன் கொம்பு, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 10 அடிக்கு மேல் அகலம். அதுவும் அழிந்துவிட்டது. அதன் தோளில் திமில் இருந்ததைப் பிரான்சில் உள்ள குகை ஓவியங்கள் காட்டுகின்றன. திமிலின் சதை மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஓவியனின் கோடு நிலைத்துவிட்டது.

அந்த மக்கள் சிலையும் செய்தார்கள். பிரான்சில் டுக் டோடுபேர் என்ற குகையில், 1912-ல், களிமண்ணால் செய்த இரண்டு காட்டெருமைகளைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் சுமார் 2 அடி நீளம். சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் செய்தவை. களிமண்ணைத் தடவிய விரல் தடம் இன்னும் அதில் இருக்கிறது.

அந்தச் சிற்பிகள் தினமும் மிருகத்தைப் பார்த்தவர்கள். அதன் நடை தெரியும். மயிர் தெரியும். தெரிந்ததைச் செய்தார்கள். அவர்களுக்குச் சிலை வைக்கிற இன்றைய சிற்பியும் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளவேண்டும். முதலில் பார்க்கவேண்டும். பிறகுதான் மண்ணில் கை வைக்கவேண்டும்.

முகம் எப்படி வருகிறது?

மண்டை ஓட்டிலிருந்து முகத்தை வரவழைப்பது மந்திரம் இல்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. ருஷ்யாவின் மிகயில் கெராசிமோவ் (1907-1970) இந்தக் கலையில் பெயர் பெற்றவர். 1941-ல் சமர்கண்டில் தைமூரின் சமாதியைத் திறந்து, மண்டை ஓட்டை வைத்து அவருடைய முகத்தை உருவாக்கினார்.

முதலில் மண்டை ஓட்டைப் போலவே ஒரு நகல் எடுப்பார்கள். நெற்றி, கன்னம், தாடை ஆகிய இடங்களில் சதை எவ்வளவு கனம் இருக்கும் என்று அளந்து குறி வைப்பார்கள். களிமண்ணால் ஒவ்வொரு தசையாக ஒட்டுவார்கள். கடைசியில் தோல் வரும். பிறகு கண். பிறகு மயிர்.

இதில் எலும்பு சொல்வது எது? புருவ மேட்டின் உயரம், தாடையின் அகலம், பல்லின் வரிசை. எலும்பு சரியாகச் சொல்லாதது எது? மூக்கின் நுனி, உதட்டின் தடிப்பு, காதின் வடிவம். எலும்பு சொல்லவே சொல்லாதது எது? நிறம், தலைமயிர், முகத்தின் பாவம். கோபமா, சிரிப்பா என்பதைச் சிற்பிதான் முடிவு செய்கிறார்.

கோபத்தை வைத்தால் அவன் காட்டுமிராண்டி. சிரிப்பை வைத்தால் அவன் நம் பக்கத்து வீட்டுக்காரன். எலும்பு ஒன்றுதான்!

பனி மனிதனின் வழுக்கை

மிகவும் கவனமாகச் செய்த சிலையும் தவறலாம். 1991-ல் ஆல்ப்ஸ் மலையின் பனியில் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. அவர் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள்! அவருக்கு "எட்சி" என்று பெயர் வைத்தார்கள். இத்தாலியில் போல்சானோ நகரத்து மியூசியத்தில் அவருடைய உடல் இருக்கிறது.

2011-ல் அந்த மியூசியத்துக்காக அவருடைய முழு உருவச் சிலையைச் செய்தவர்கள், ஹாலந்து நாட்டின் இரட்டையர்களான கென்னிஸ் சகோதரர்கள். திறமை மிக்கவர்கள். வெளுத்த தோல், நீண்ட தலைமயிர், தாடி என்று எட்சி உயிரோடு நிற்பது போல இருந்தார்.

2023-ல் அவருடைய மரபணுவை மறுபடி ஆராய்ந்தார்கள். எட்சியின் தோல் நினைத்ததைவிடக் கறுப்பு! தலையில் அநேகமாக வழுக்கை! உடல் கறுத்திருந்தது முன்பே கண்ணுக்குத் தெரிந்ததுதான். பனியில் கிடந்ததால் கறுத்தது என்று நினைத்திருந்தார்கள்.

இதனால் அந்தச் சகோதரர்களுக்கு அவமானம் இல்லை. புதிய உண்மை வந்த பிறகும் பழைய உருவத்தையே உண்மை என்று சாதித்தால்தான் அவமானம்.

உடைக்கலாமா?

இங்கே இரண்டு கேள்விகள் எழும்.

"முழுவதும் தெரிகிற வரையில் சிலையே செய்யாமல் இருக்கலாமே?" இது முதல் கேள்வி. இருக்கக்கூடாது. முழுவதும் தெரியும் நாள் வரவே வராது. சிலை இல்லாவிட்டால் எலும்புகள் பெட்டிக்குள் கிடக்கும். அறிஞர்கள் மட்டும் பார்ப்பார்கள். டைனோசர் சிலையைப் பார்த்துக் கண் விரிக்கிற குழந்தைதான், "இது ஏன் செத்துப் போச்சு?" என்று கேட்கும். அந்தக் கேள்வியில்தான் அறிவு பிறக்கிறது.

"தவறு என்று தெரிந்த பழைய சிலைகளை உடைத்துவிடலாமா?" இது இரண்டாவது கேள்வி. அதுவும் கூடாது. ஹாகின்ஸ் பிறகு அமெரிக்கா போனார். நியூயார்க்கில் ஒரு மியூசியத்துக்காகச் சிலைகள் செய்துகொண்டிருந்தார். 1871-ல் ஆட்களை விட்டு அவற்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிவிட்டார்கள். அதனால் யாருக்கு என்ன லாபம்?

லண்டனில் பளிங்கு மாளிகை 1936-ல் தீயில் எரிந்து போயிற்று. ஹாகின்சின் சிலைகள் தப்பின. 2007-ல் அவற்றை முதல் தரப் பாதுகாப்புச் சின்னமாக இங்கிலாந்து அறிவித்தது. மூக்கில் கொம்புள்ள இகுவானோடான் இன்றும் நிற்கிறது. 1854-ல் மனிதன் எவ்வளவு அறிந்திருந்தான் என்று அது காட்டுகிறது. பிறகு எவ்வளவு கற்றான் என்பதும் அதைப் பார்த்தால் விளங்கும்.

லே எய்சியின் கூன் மனிதனும் நிற்கட்டும். அவன் அருகில் எல்லோருக்கும் புரிகிற மொழியில் நாலு வரி இருந்தால் போதும். "1931-ல் இப்படி நினைத்தோம். இப்போது இப்படி அறிகிறோம்." இப்படிச் சொல்வதால் சிற்பியின் பெருமை குறையாது. மியூசியத்தின் பெருமை கூடும்.

மூன்று கடமைகள்

ஆதி காலத்துக்குச் சிலை செய்கிறவர்களும், அதை வைக்கிறவர்களும் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும்.

ஒன்று: சிலையின் பக்கத்தில், எலும்பு சொன்னது எது, ஊகம் எது, கற்பனை எது என்று பிரித்து எழுதவேண்டும். கடையில் விற்கும் பண்டத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அறிவுப் பண்டத்துக்கும் அந்த உரிமை வேண்டும்.

இரண்டு: புதிய உண்மை வந்தால் மறைக்காமல் திருத்தவேண்டும்.

மூன்று: மனிதனுக்குச் சிலை செய்யும்போது, அவன் யாரோ ஒரு தாய்க்குப் பிள்ளை என்பதை மறக்கக்கூடாது. ஜெர்மனியில் நியாண்டர்தால் மியூசியத்தில் கோட்டும் சூட்டும் போட்ட நியாண்டர்தால் சிலை ஒன்று இருக்கிறது. வேடிக்கைக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. "இவனும் மனிதன்" என்று பார்க்கிறவர்கள் உணர்வதற்காகவும் செய்திருக்கிறார்கள்.

அது வெறும் பேச்சும் இல்லை. 2010-ல் நியாண்டர்தால் மரபணுவைப் படித்தார்கள். அதை நடத்திய ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே தோன்றிய மக்கள் எல்லோருடைய உடம்பிலும், நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு வரை நியாண்டர்தால் மரபணு இருக்கிறது. இதைப் படிக்கிற தமிழ்க் குடும்பங்களும் அதில் அடக்கம்!

"எங்கள் அப்பாவுக்கு மூக்கு இப்படி இருக்காதே" என்று சொல்ல நியாண்டர்தாலுக்கு யாரும் இல்லை என்று நினைத்தோம். இருக்கிறார்கள். அவனுடைய ரத்தத்தில் ஒரு துளி நம்மிடமே இருக்கிறது. மியூசியத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகிற தாய் தந்தையர் அந்த உரிமையோடு கேட்கலாம்: "இதில் எது எலும்பு சொன்னது? எது சிற்பி சொன்னது?"

கேட்கிறவர்கள் பெருகினால், செய்கிறவர்கள் கவனமாகச் செய்வார்கள்.